பீங்கான் பலகையின் பின்பக்கம்

டாக்டர் பெரியநாயகிக்கும் ஞாயிற்றுக்கிழமை வரும் என்பது விருத்தாசலத்தில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மிச்சப் பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜங்ஷன் ரோட்டில் நாற்பது படுக்கை போட்ட ஒரு தர்ம ஆஸ்பத்திரி, அதில் அவள் ஒருத்திதான் பெண் டாக்டர். கம்மாபுரத்திலிருந்து இடுப்பு வலியோடு வருகிறவளும், பெண்ணாடத்திலிருந்து கரும்பு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வரப்படுகிறவளும் கிழமை பார்த்தா வருவார்கள்?

1987இல் அவள் இந்த ஊருக்கு வந்தபோது மகள் சௌந்தர்யாவுக்கு மூன்று வயது. புருஷன் அன்பரசனுக்கு மஸ்கட்டில் எலெக்ட்ரிகல் கம்பெனியில் வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வந்து, வீட்டில் எது எங்கே இருக்கிறதென்று பழகுவதற்குள் திரும்பிப் போய்விடுவான். குழந்தையை வைத்துக்கொள்ள ஆளில்லை. ஆகவே அவள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிக்கொண்டு போனாள். நர்ஸ்கள் அறையில் ஒரு தடுப்புக்குப் பின்னால் சின்னக் கட்டில் போட்டு, மருந்து பாட்டில்களின் ரப்பர் மூடிகளை விளையாடக் கொடுத்து இரண்டு வருஷம் ஓட்டினாள். வார்டிலிருந்து குழந்தைக்குக் கக்குவான் ஒட்டிக்கொண்டு நாற்பது நாள் இருமித் தீர்த்தபோதுதான் கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து அக்கா பஸ் ஏறி வந்தாள். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஒரே ஒரு வருஷம் நான் வைத்துக்கொள்கிறேன், பக்கத்திலேயே ஸ்கூல் இருக்கிறது, நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து பார்த்துக்கொள் என்றாள். பெரியநாயகியும் சரி என்றாள். அந்த ஒரே ஒரு வருஷம்தான் நீண்டு நீண்டு நாலு வருஷமாகியும் முடியாமல் கிடந்தது.

வேலை கடினம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல நேரமிருந்தால்தானே. காலையில் வார்டு, பிறகு வெளி நோயாளிகள், பீங்கான் கம்பெனிகளில் தூசி குடித்து இருமுகிறவர்கள், சூளையில் கையைச் சுட்டுக்கொண்டவர்கள், நடுநடுவே பிரசவங்கள். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே அவளுடைய வீடு என்பதால் வீட்டுக்குப் போனால் வாசலிலும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். மதியச் சாப்பாடு என்பது எடுத்து வைத்து, ஆறி, ஈ மொய்த்து, கொட்டப்படுகிற ஒரு பொருள் என்ற அளவுக்கு ஆகிவிட்டிருந்தது.

பெரிய டாக்டர் கோதண்டபாணி வேறு மாதிரி. மணி ஒன்று அடித்தால் வானமே இடிந்து விழுந்தாலும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். மூன்றரைக்குத் திருநீறு பூசிக்கொண்டு புதுசாக வருவார். சரியான சோம்பேறி என்று பெரியநாயகி மனசுக்குள் திட்டிக்கொள்வாள். அவர் முப்பது வருஷமாக அதே நாற்காலியில் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருப்பது எப்படி என்று யோசிக்க அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பீங்கான் கம்பெனிச் சங்கு ஊதும். அந்தச் சத்தம் கேட்டால் எழுதிக்கொண்டிருக்கும் சீட்டைப் பாதியில் நிறுத்திவிடுவாள். இந்நேரம் சௌந்தர்யா ஸ்கூல் விட்டு வந்து, ரிப்பனை அவிழ்த்துப் போட்டுவிட்டு, அக்கா வீட்டுச் சமையல்கட்டில் ஏதாவது தின்றுகொண்டிருப்பாள். என்ன தின்கிறாளோ. பல் விழுந்துவிட்டது என்று இன்லண்ட் லெட்டரில் எழுதியிருந்தாளே, புதுப் பல் நேராக முளைக்கிறதோ என்னவோ. ஊரில் பிறக்கிற பிள்ளைகளையெல்லாம் தன் கையால் தூக்கித் துடைத்துத் தாயிடம் கொடுக்கிறவளுக்குத் தன் பிள்ளையின் தலையை எண்ணெய் தடவி வாரிவிடக் கொடுத்து வைக்கவில்லை. சில சமயம் பிறந்த குழந்தையைத் தாய் பக்கத்தில் கிடத்தாமல் ஒரு நிமிஷம் கூடுதலாகக் கையிலேயே வைத்திருப்பாள். ஆயா ஆராயி அதைப் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள்.

ஆராயி வாய் திறந்தது 1993 கடைசியில். அன்று கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த வேம்பு என்ற பெண்ணுக்குச் சுகப்பிரசவம். பெரியநாயகி பிறப்பு ரிஜிஸ்டரை எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே ஆராயி ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். தாயின் பெயர் என்ற இடத்தில் சௌந்தர்யா என்று எழுதியிருந்தது. பெரியநாயகி வேம்புவின் முகத்தை நினைவுபடுத்திப் பார்த்தாள், வரவில்லை. மூன்று மணி நேரம் பக்கத்தில் நின்று பிரசவம் பார்த்திருக்கிறாள், அந்தப் பெண்ணின் முகம் அவளுக்குத் தெரியவில்லை. பயந்துபோனாள். மருந்துச் சீட்டிலும் இப்படி எழுதியிருந்தால்?

"நீங்க இங்க இல்லீங்க டாக்டரம்மா, கடலூர்ல இருக்கிறீங்க" என்றாள் ஆராயி. "வாரத்துல ஒரு நாளாவது ஒடம்பையும் அங்க கூட்டிக்குனு போங்க. வூட்டு வாசல்ல டாக்டர் இல்லைன்னு ஒரு போர்டை மாட்டிட்டு பஸ்ஸு ஏறுங்க. எவன் கேக்கறான்னு நான் பாக்கறேன்."

போர்டு விஷயம் பெரியநாயகிக்குப் பிடித்துப்போயிற்று. மெட்ராஸில் டாக்டர்கள் வீட்டு வாசலில் அப்படிப் பலகை பார்த்திருக்கிறாள். ஆராயியின் புருஷன் விருத்தகிரிக்குப் பீங்கான் கம்பெனியில் பியூஸ் கட்டை செய்கிற வேலை. மரப்பலகை எதற்கு, மழையில் ஊறிப்போகும், நான் பீங்கானிலேயே செய்து தருகிறேன் என்று அவனே முன்வந்தான். ஒரு பக்கம் டாக்டர் இருக்கிறார், மறுபக்கம் டாக்டர் இல்லை என்று அவள் காகிதத்தில் எழுதியே கொடுத்தாள்.

இரண்டு வாரம் கழித்துப் பலகை வந்தது. ஒரு ஜாண் அகலம், இரண்டு ஜாண் நீளம், பால் வெள்ளை, நீல எழுத்து, மேலே கம்பி கோக்க இரண்டு துளை. இரண்டு பக்கமும் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு போட்டால் சூளையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பதால் நாலு சின்ன முனைகளின் மேல் நிறுத்திச் சுட்டிருந்தான். பின்பக்கத்தில் அந்த நாலு புள்ளி மட்டும் சொரசொரப்பாகத் தெரிந்தது. முன்பக்கம் டாக்டர் இருக்கிறார். திருப்பினால் டாக்டர் வந்துவிடுவார்.

இது என்ன என்று கேட்டாள் பெரியநாயகி. விருத்தகிரி தலையைச் சொறிந்தான்.

"இல்லைன்னு எழுதி சூளைக்குள்ள வெக்கக் கை வரலைங்க. புள்ளத்தாச்சிங்க வந்து நிக்கற வாசலு. வந்ததும் வராததுமா இல்லைங்கற எழுத்துலயா முழிக்கணும்?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் அரிசி தீர்ந்தால்கூடத் தீர்ந்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லாத ஊர். வாசலைத் தாண்டும்போது போகிறேன் என்று சொன்னால் கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, போயிட்டு வரேன் என்று சொல்லவைத்து அனுப்புகிற ஊர். அவன் செய்ததில் என்ன தப்பு? ஆணி அடித்து மாட்டிவிட்டாள்.

1994 பொங்கல் கழிந்த முதல் ஞாயிறு. ஆஸ்பத்திரியைக் கோதண்டபாணி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பலகையைத் திருப்பிவிட்டு ஏழரை மணி பஸ்ஸில் ஏறினாள். நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி என்று ஒவ்வொரு ஊராகக் கழிய அவளுக்கு வயசு குறைந்துகொண்டே வந்தது. சௌந்தர்யா நோட்டுகளையெல்லாம் எடுத்துப் பரப்பிக் காட்டினாள். பல் நேராகத்தான் முளைத்திருந்தது. தலைவாரிப் பின்னிவிட்டு, மூவருமாகக் கடற்கரைக்குப் போய் ஈர மணலில் நடந்தார்கள். நாலு மணிக்குப் பஸ் ஏறும்போது, அடுத்த வாரமும் வருவியாம்மா என்று மகள் கேட்டாள். வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் இருபத்திரண்டு பேர். காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். வேப்பமரத்தில் தூளி கட்டி ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கட்டி வந்த புளிச்சோற்றைச் சிலர் மதியமே பங்கு போட்டுத் தின்று முடித்திருந்தார்கள். எதற்கு இப்படிக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, மஞ்சள் பைக்காரர் ஒருவர் நியாயமாகத்தான் பதில் சொன்னார்.

"வந்துடுவாருன்னு போர்டுல போட்டிருக்குதுங்களே. அதான் ஒக்காந்துக்குனு இருந்தோம்."

யாரைக் கோபிப்பது? இருபத்திரண்டு பேரையும் பார்த்து அனுப்பினாள். அடுத்த ஞாயிறு முப்பது பேர் இருந்தார்கள், ஏனென்றால் டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமை எப்படியும் சாயங்காலம் வந்துவிடுவார் என்ற சேதி அதற்குள் பரவிவிட்டது. அவர்களை நினைத்து அவள் கடலூரிலிருந்து இரண்டு மணி பஸ் பிடிக்க ஆரம்பித்தாள். பிறகு பன்னிரண்டு மணி பஸ். கடற்கரை நின்றது. தலைவாரிவிடுவது மட்டும் இருந்தது. பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு என்றாயிற்று. வாசலில் சண்டை வராமலிருக்க விருத்தகிரி, கம்பெனியில் கழித்துப் போட்ட கோணல் பியூஸ் கட்டைகளில் நம்பர் எழுதிக் கூடையில் போட்டுக் கொடுத்தான். வந்தவர்கள் ஆளுக்கொரு கட்டையை எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். ஏற்பாடு இன்னும் பலமாகிவிட்டது.

அந்தப் பலகையைக் கழற்றிப் போடேன் என்று கோதண்டபாணி ஒருநாள் சொன்னார். கழற்றினாலும் வரத்தான் செய்வார்கள் சார் என்றாள். உண்மை அதுவல்ல. இத்தனை பேர் தனக்காகக் காத்திருப்பதில் அவளுக்கு ஒரு சுகம் இருந்தது. சோர்ந்து துவண்டு வருகிறவளுக்கு அந்த வாசல் கூட்டம்தான் தெம்பு என்று நினைத்துக்கொண்டாள். உயிரை உறிஞ்சுவதும் அதுதான் என்று தெரியவில்லை. மகள் காத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தது. இவர்கள் காத்திருப்பது கண்ணெதிரே இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மே மாத லீவில் சௌந்தர்யா பத்து நாள் வந்து தங்கினாள். அம்மாவோடு இருக்கலாமென்று ஆசையாகத்தான் வந்தாள். அம்மா கிடைக்கவில்லை, வேலை கிடைத்தது. வாசலில் உட்கார்ந்து டோக்கன் எடுத்துக் கொடுப்பாள், குழந்தை அழுதால் வேடிக்கை காட்டுவாள். நாள் முழுக்க ஜனங்கள் டாக்டரம்மா, டாக்டரம்மா என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கும் அது வாயில் ஒட்டிக்கொண்டது. ஏழாம் நாள், சாப்பிட வாங்க டாக்டரம்மா என்று கூப்பிட்டாள். ஆராயி விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியநாயகியும் சிரித்தாள். தட்டில் போட்ட சோறு மட்டும் அப்படியே இருந்தது.

அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சௌந்தர்யாவுக்குப் பத்தாவது பிறந்த நாள். இந்த வருஷம் காலையிலேயே வந்துவிடுவேன், நானே தலைக்கு ஊற்றிவிடுவேன் என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டுச் சொல்லியிருந்தாள். பச்சைப் பாவாடையும் சட்டையும் தைத்து வாங்கிப் பையில் வைத்தாயிற்று. பலகையைத் திருப்பிவிட்டு ஆஸ்பத்திரி வழியாகப் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. தலைச்சன் பிரசவம், வலி வந்து ஒரு பகலும் ஒரு இரவும் ஆகிவிட்டதாம். கோதண்டபாணி வெளியே வந்தார்.

"நீ கெளம்பும்மா. நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்திருப்பார். முப்பது வருஷமாகப் பார்த்தவர். ஆனால் பெரியநாயகி பையை நர்ஸ்கள் அறையில் வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். ஒன்பதரை பஸ்ஸில் போகலாம் என்று நினைத்தாள். ஒன்பதரை பதினொன்றாயிற்று. பதினொன்றரைக்குக் குழந்தை பிறந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒருத்திக்கு ஜன்னி கண்டது. மூன்று மணிக்குமேல் கடலூர் போய் என்ன பிரயோஜனம்? பூத்துக்குப் போய்ப் போன் போட்டால் அக்கா வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. பிறந்த நாளும் அதுவுமாகக் கோபித்துக்கொண்டு எங்கேயோ கிளம்பிப் போய்விட்டார்கள் என்று நினைத்தாள். அழுகைகூட வரவில்லை. உள்ளே எதுவும் அசையவில்லை என்பதுதான் அவளுக்கு அழுகையைவிடப் பயமாக இருந்தது.

நாலரை மணிக்கு வீட்டுக்கு வந்தாள். வாசலில் வழக்கம்போலக் கூட்டம். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கதவைத் திறந்து, முன்னறை மேஜையில் உட்கார்ந்து, ஒவ்வொருவராக வரச் சொன்னாள். ஒன்று, காய்ச்சல். இரண்டு, வயிற்று வலி. மூன்று, நாலு, ஐந்து. ஆறாவது ஆளுக்குச் சீட்டு எழுதிக்கொண்டே அடுத்து என்றாள். ஏழாம் நம்பர் எழுதிய பியூஸ் கட்டை மேஜை மேல் வைக்கப்பட்டது. ஸ்டூலில் யாரோ உட்கார்ந்தார்கள். குனிந்தபடியே எட்டி மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். என்ன பண்ணுது என்று கேட்டாள்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. இன்னிக்குப் பொறந்த நாளு."

நிமிர்ந்தாள். சௌந்தர்யா. பழைய கவுனைப் போட்டுக்கொண்டு, யாரோ பின்னிவிட்ட இரட்டைச் சடையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மா வரவில்லையென்றதும் பத்து மணி பஸ்ஸில் பெரியம்மாவைக் கிளப்பிக்கொண்டு வந்திருக்கிறாள். வீடு பூட்டியிருந்தது. அக்கா வேப்பமரத்தடியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரையிலிருந்து நாலு மணி நேரம். ஆஸ்பத்திரி இரண்டு நிமிஷ நடை.

"ஏண்டி, ஆஸ்பத்திரிக்கு வந்து கூப்பிட்டிருக்கலாமில்ல?"

"வந்துடுவாருன்னு போட்டிருந்துது. எல்லாரும் டோக்கன் எடுத்துக்குனு ஒக்காந்திருந்தாங்க. நானும் எடுத்துக்கினேன்."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இங்கே இப்படித்தான் என்று பழகிப்போன குரல். பெரியநாயகி இன்னும் அந்த மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பெற்ற பிள்ளையின் கை, அது கைக்குத் தெரியவில்லையே என்று அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். அழுகை அப்போது வந்தது, வாசலில் இருந்தவர்களெல்லாம் எழுந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். இன்று என் பெண்ணுக்குப் பிறந்த நாள், இனிமேல் பார்க்க முடியாது, தாங்க முடியாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், பெரிய டாக்டர் இருக்கிறார் என்றாள். ஊரே எதிர்த்துக்கொண்டு நிற்கப்போகிறது என்று நினைத்தாள். பத்தாம் நம்பர் கட்டையை வைத்திருந்த ஆள் அதைக் கூடையில் திருப்பிப் போட்டான்.

"அதுக்கென்னங்க டாக்டரம்மா. நாளைக்கு வரோம். பாப்பாவுக்கு ஏதாவது பண்ணிக் குடுங்க."

ஐந்து நிமிஷத்தில் வாசல் காலியாகிவிட்டது. இவ்வளவு லேசான காரியமா இது? பத்து மாதமாக யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை. போகச் சொல்லியிருந்தால் போயிருப்பார்கள். அந்தச் சாயங்காலத்தில் மகளுக்குத் தலைக்கு ஊற்றினாள். பச்சைப் பாவாடை இடுப்பில் பிடித்தது. ஒரு வருஷத்துக்கு முந்தின அளவில் தைக்கச் சொல்லியிருந்தாள்.

விருத்தகிரியிடம் மறுபடி பலகை கேட்டாள். இந்தத் தடவையாவது இல்லை என்று எழுது என்றாள். அவன் அதற்கும் மசியவில்லை. ஒரு வாரம் யோசித்து, அவளிடம் சம்மதம் வாங்கி, டாக்டர் திங்கட்கிழமை காலை வருவார் என்று எழுதிச் சுட்டுக் கொண்டுவந்தான். இல்லை என்ற சொல்லும் இல்லை, யாரும் வீணாக உட்காரவும் இல்லை. படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொல்ல, திரும்பிப் போனார்கள். தாங்காதவர்கள் கோதண்டபாணியிடம் போனார்கள். அவர் கையிலும் பிள்ளைகள் நன்றாகவே பிறந்தன. மதியம் ஒரு மணிக்குப் பெரியநாயகியும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். படுக்கையிலிருக்கும் பெண்களின் முகங்கள் அவளுக்கு மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பித்தன.

இங்கேயே வந்துவிடுகிறாயா என்று சௌந்தர்யாவிடம் கேட்டாள். வருகிறேன் என்ற பதிலுக்காக அவள் எத்தனை நாள் ஏங்கியிருந்தாளோ, அத்தனையும் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. ஸ்கூல் அங்கே, சிநேகிதிகள் அங்கே, பெரியம்மா தனியாகிவிடுவாள். "நீ ஞாயித்துக்கிழமை வாம்மா, போதும்" என்றாள் மகள். போதும் என்று அவளால் சொல்ல முடிந்தது. பெரியநாயகிக்குப் போதவில்லை, கடைசிவரை போதவும் இல்லை. கேட்க வேண்டிய வருஷத்தில் கேட்கவில்லை, வேறென்ன செய்வது.

ஆனால் பழைய பலகையை மட்டும் மகள் கேட்டாள். பெரியநாயகி அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த ஞாயிறு போனபோது அது அக்கா வீட்டு வாசலில் தொங்கியது. இரண்டு பக்கமும் டாக்டர் என்ற சொல்லின் மேல் நோட்டுக் காகிதத்தை வெட்டி ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் வேறு எழுதியிருந்தாள். அவள் உள்ளே நுழையும்போது சௌந்தர்யா ஓடிவந்து பலகையைத் திருப்பினாள். அம்மா இருக்கிறார்.

ஐந்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். தெருமுனையில் திரும்பிப் பார்த்தாள். மகள் நாற்காலி போட்டு ஏறி, நுனிக்காலில் நின்று, பலகையை மறுபக்கம் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு தூரத்திலிருந்து எழுத்து தெரியாது. என்ன எழுதியிருக்கும் என்று பெரியநாயகிக்குத் தெரியும்.

அம்மா வந்துவிடுவார்.